கல்யாணப் பத்திரிகையில் ஒரு பட்டம்

ஜூன் 19, திங்கட்கிழமை. எழுபதுகளின் பின்பாதியில் ஒரு வருடம். அன்றைய டைரிப் பக்கம் இப்படித் தொடங்குகிறது:

“4.40 எழுந்தேன். பல் தேய்த்தேன். கிணற்றில் இரண்டு குடம். 5.05 குளியல். 5.20 காபி. சட்டை நீலக் கோடு. ஃபைலில் ஏழு காகிதம், சரிபார்த்தேன். 5.50 பஸ், பெரியபாளையம் வழி.”

என் டைரியில் எந்த நாளை எடுத்தாலும் எழுந்ததும் பல் தேய்த்ததும்தான் முதல் வரி. இருபது வயதில் தொடங்கிய பழக்கம். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலும் அந்த வரிசை மாறவில்லை. ஒரே ஒரு நாள் மாறியிருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் வேறொன்றைச் சொல்லிவிட வேண்டும்.

இந்தத் தொடருக்கு வரும் கடிதங்களில் சிலர் உறைமேல் என் பெயருக்கு முன்னால் ‘ஆடிட்டர்’ என்று எழுதுகிறார்கள். நான் ஆடிட்டர் அல்ல. ஆடிட்டராக சி.ஏ.வில் இண்டர், ஃபைனல் என்று இரண்டு தேர்வு தேற வேண்டும். இண்டரில் இரண்டு குரூப். அதில் முதல் குரூப்பில் தேறினேன். இரண்டாவதை நான்கு தடவை எழுதினேன், பிறகும் எழுதினேன், வரவில்லை. என் படிப்பு அவ்வளவுதான். தபால்காரர் உறையைப் பார்த்துவிட்டு என்னிடம் வருமான வரி சந்தேகம் கேட்டார். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

முப்பத்து நான்காவது வரிசை

திருவள்ளூரில் ஒரு ஆடிட்டரிடம் மூன்று வருடம் பயிற்சி முடித்திருந்தேன். வயது இருபத்தேழு. அப்பா கோயில் மடப்பள்ளியில் சமைக்கும் பரிசாரகர். தங்கை பத்மாவின் கல்யாணம் மே மாதக் கடைசியில் நடந்து முடிந்திருந்தது. கல்யாண வேலையில் அந்த முறை தேர்வே எழுதவில்லை. வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தாக வேண்டியிருந்தது.

வேலை தேடுவதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். ஐந்து கட்டங்கள்: வரிசை எண், அனுப்பிய நாள், கம்பெனி, அழைப்பு, முடிவு. அன்று போய்க்கொண்டிருந்தது முப்பத்து நான்காவது வரிசைக்கு. அதற்கு முந்தைய முப்பத்து மூன்றில் ‘முடிவு’ கட்டத்தில் பெரும்பாலும் ஒரு சிறு கோடுதான்.

அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் என் காகிதங்களைப் படித்த அதிகாரி மரியாதையாகவே சொன்னார்: “கிளார்க் வேலைக்கு நீங்க அதிகம். அக்கவுண்டண்ட் வேலைக்குக் கம்மி. உங்களுக்குன்னு ஒரு வேலை இனிமேதான் கண்டுபிடிக்கணும்.” வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே அதை எழுதிக்கொண்டேன். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் சான்றிதழ்களின் நகல் வேண்டும். நகலில் அரசு அதிகாரி ஒருவர் கையெழுத்திட வேண்டும். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த அதிகாரி கால்நடை டாக்டர்தான். மாடு இல்லாமல் ஒருவன் வரிசையில் நின்றால் அது சர்டிபிகேட் கேஸ் என்று அவருக்குத் தெரியும்.

“இன்னும் கெடைக்கலியா?” என்பார்.

“இல்லை சார்.”

“குடுங்க.” ஊசி போட்ட கையைத் துடைத்துவிட்டு ஆறு இடத்தில் கையெழுத்துப் போடுவார். என் நகல்களில் எப்போதும் லேசாக டெட்டால் வாசனை இருக்கும்.

புரூஃப் பார்த்த நாள்

முப்பத்து நான்காவது அழைப்பு எப்படி வந்தது என்பதைச் சொல்ல, கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் போக வேண்டும்.

பத்திரிகை அச்சடிக்க அப்பா கடைத்தெரு பிரஸ்ஸில் கொடுத்திருந்தார். புரூஃப் வந்தது. வீட்டில் எழுத்துப் பிழை பார்க்கும் வேலை எனக்குத்தான். மஞ்சள் தாள், மை இன்னும் காயவில்லை. மூன்று பிழை கண்டுபிடித்தேன். முகூர்த்த நேரத்தில் ஒரு எண் விட்டுப்போயிருந்தது. மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒரு துணைக்கால். மண்டபத் தெருவின் பெயர்.

நான்காவதாக ஒன்று கண்ணில் பட்டது. பெண்ணின் தமையன் என்று என் பெயர். பக்கத்தில் ‘பி.காம்., சி.ஏ.’

நான் எழுதிக் கொடுத்தது ‘பி.காம்., சி.ஏ. இண்டர்’. அதைக்கூட எழுதியிருக்க வேண்டாம். ஆனால் எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையில் பெயர் தனியாக நிற்பதில்லை. பட்டமோ உத்தியோகமோ பின்னாலேயே வரும். எதுவும் இல்லாதவருக்கு ஊர்ப் பெயராவது போடுவார்கள்.

“அப்பா, இதுல இண்டர் விட்டுப்போயிருக்கு” என்றேன்.

அப்பா வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். “விட்டுப்போகலைடா. நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

“ஏன்?”

“அதைப் போட்டா வரி மடங்கறதுன்னான் பிரஸ்காரன்.” கொஞ்ச நேரம் கழித்து, “சம்பந்தியாத்துல எல்லாரும் உத்தியோகஸ்தா. நம்மாத்துப் பேர்ல என்ன இருக்கு? நான் மடப்பள்ளி. உனக்காவது முழுசா இருக்கட்டுமே” என்றார்.

“முழுசா இல்லையே அப்பா.”

“நவம்பர்ல ஆயிடும். பத்திரிகையைக் கையில வெச்சுண்டு யார் உன்னைப் பரீட்சை கேக்கப்போறா?”

நான் பயிற்சி பெற்ற ஆபீஸில் ரப்பருக்கு இடமில்லை. கணக்குப் புத்தகத்தில் தவறு இருந்தால் அழிக்கக்கூடாது, சுரண்டக்கூடாது. அடியில் இருப்பது படிக்க முடிகிற மாதிரி ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். மேலே சரியானதை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். மூன்று வருடத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் அப்படிச் செய்திருக்கிறேன். அன்று பேனா அந்த வரிக்கு மேலே கொஞ்சம் நின்றது. பிறகு மூடியைப் போட்டேன்.

டைரியில் அன்று இருப்பது: “புரூஃப் பார்த்தேன். மூன்று திருத்தம்.” அந்த வாக்கியத்தில் பொய் இல்லை.

கம்பி ஆலை

பத்மாவின் மாமனார் வரதாச்சாரி கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலையில் ஸ்டோரில் இருந்தார். வீடு பொன்னேரியில். உயரமான மனிதர், எதையும் உரக்கச் சொல்வார். கல்யாணம் முடிந்த மறுவாரமே எனக்குக் கார்டு போட்டார்: எங்கள் ஆலையில் அக்கவுண்டண்ட் வேண்டுமாம், விண்ணப்பத்தை என் பெயருக்கு அனுப்பு, மேனேஜர் கையில் நானே கொடுக்கிறேன்.

விண்ணப்பத்தில் ‘சி.ஏ. இண்டர், முதல் குரூப் மட்டும்’ என்று தெளிவாகத்தான் எழுதினேன். உறையை ஒட்டி அனுப்பினேன். அவர் பிரித்துப் படிக்கவில்லை. அடுத்தவர் உறையைப் பிரிக்கிற ஆள் அல்ல அவர்.

பெரியபாளையத்தில் பஸ் மாறி, பக்கத்து ஆரணி வழியாக (பட்டுச்சேலை ஆரணி வேறு), கவரைப்பேட்டையில் இன்னொரு தடவை மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது மணி 9.10. அங்கிருந்து நடை. பனைமரங்களுக்கு நடுவே செம்மண்ணைக் கீறிப் போட்ட சாலை. இரண்டு பக்கமும் சிமெண்டுக் கல்லில் மனை எண்கள். பாதி மனைகளில் கல் மட்டும் இருந்தது, ஆலை இல்லை. எளாவூர் பக்கம் போகும் லாரிகளின் சத்தம் நெடுஞ்சாலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது.

கம்பி ஆலையை மூக்காலேயே கண்டுபிடிக்கலாம். இரும்பைக் கழுவும் அமிலத்தின் நெடி, அதற்கு மேலே சோப்புத்தூள் வாசனை. கம்பியை இழுக்கும்போது வழுக்குவதற்குச் சோப்புத்தூள் போடுவார்கள் என்று பிற்பாடு தெரிந்தது.

வாசலில் காவல்காரர் என் ஃபைலைப் பார்த்தார். “இண்டர்வூவா சார்? அந்தாண்ட நெழல்ல குந்துங்க. நாஷ்டா ஆச்சா?”

“ஆச்சு.”

“ஆவலன்னாலும் ஆச்சுன்னுதான் சொல்வாங்கோ, இண்டர்வூவுக்கு வர்றவங்கோ” என்றார் அவர் தனக்குள்.

வரதன் மாமா ஸ்டோரிலிருந்து வேகமாக வந்தார். சட்டைப் பையில் நான்கு பேனா. “வாடாப்பா சாரதி. எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். மேனேஜர் கேட்டார், என்னய்யா நிஜமாவே சி.ஏ.வான்னு. நான் வாயால சொல்லலை. பத்திரிகையையே அப்ளிகேஷனோட சேர்த்துக் குத்திக் குடுத்துட்டேன். அச்சுல இருக்கே, அதுக்கு மேல என்ன வேணும்?”

நான் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டேன். உள்ளே கூப்பிட்டார்கள்.

இரண்டு காகிதம்

மேனேஜரின் பெயர் வெங்கடேசலு. சூளூர்பேட்டைப் பக்கத்துக்காரர். மேஜைமேல் கம்பித் துண்டுகளை வரிசையாக அடுக்கியிருந்தார், காகிதம் பறக்காமலிருக்க. அவற்றில் ஒன்றின் அடியில் என் விண்ணப்பம். அதன் மேல் குண்டூசியில் மாட்டி, மஞ்சள் தடவிய மூலையோடு, பத்மாவின் கல்யாணப் பத்திரிகை.

“குந்து நைனா” என்றார். உட்கார்ந்தேன்.

அவர் பத்திரிகையைத் தூக்கி விண்ணப்பத்தைப் படித்தார். பிறகு இறக்கிப் பத்திரிகையைப் படித்தார். இரண்டு தடவை.

“இன்னா இது, ஒரே ஊசியில ரெண்டு காயிதம் ரெண்டு மாதிரி பேசுது?”

“விண்ணப்பம்தான் சரி சார்.”

“அப்ப இது?”

“அது தவறு.”

“யாரு தப்பு? பிரஸ்காரன் தப்பா?”

“புரூஃப் நான்தான் பார்த்தேன் சார். பார்த்தும் விட்டுவிட்டேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் கோபமும் இல்லை. பத்திரிகையில் வேறொரு வரியில் விரலை வைத்தார். “இதுல நம்ம கம்பெனி ஆளு இன்னொருத்தரும் கீறாரு. அவரும் கொஞ்சம் ஒசரமாத்தான் கீறாரு. சரி, அதை வுடு.”

எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஒரு அக்கவுண்டண்ட் வேண்டும் என்று மெட்ராஸ் தலைமை அலுவலகத்துக்கு எழுதி எழுதி அலுத்துவிட்டது. கடைசியில் போன மாதம் அனுமதி வந்திருக்கிறது. முழுத் தேர்ச்சி பெற்றவருக்கு மட்டும்.

“இந்த அப்ளிகேசனை அனுப்பினேன்னு வெச்சிக்கோ, போஸ்டையே கேன்சல் பண்ணிருவாங்கோ. அப்புறம் நான் இன்னும் ரெண்டு வருசம் லெட்டர் போட்டுக்கினு இருக்கணும். இதை அனுப்பினா,” பத்திரிகையைத் தட்டினார், “சர்டிபிகேட் பின்னாடி வருதுன்னு எழுதிருவேன். எவனும் கேக்க மாட்டான். நீ ஒண்ணும் கையெழுத்துப் போடவேணாம். அதுக்கு மெட்ராஸ்ல ஆடிட்டர் கீறாரு. நீ வவுச்சர் பாரு, ஸ்டாக் பாரு. நவம்பர்ல பாஸ் பண்ணு. முடிஞ்சிச்சி.”

“இண்டர் முடிந்தாலும் மேலே ஃபைனல் இருக்கிறது சார். பாஸ் ஆகாவிட்டால்?”

“அதுக்கடுத்த நவம்பர் வராதா?”

அவர் சொன்ன சம்பளம் நான் எதிர்பார்த்ததைப்போல் இரண்டு மடங்கு. மடப்பள்ளியில் அப்பா காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவதை அன்றோடு நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

“வெசாயக்கெழமை மெட்ராஸுக்கு லெட்டர் போவுது. அதுக்குள்ள எந்தக் காயிதத்தை வெச்சி எழுதணும்னு நீயே சொல்லிடு. ரெண்டையும் சேத்து அனுப்ப முடியாது நைனா.”

பொன்னேரியில் ஒருவர் காத்திருந்தார்

மாமா அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு வந்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும், பத்மா சமைத்து வைத்திருக்கிறாள். ரயிலில் என்ன ஆயிற்று என்று கேட்டார். வியாழக்கிழமை முடிவு என்றேன். “கிடைச்ச மாதிரிதான்” என்று எதிரில் இருந்தவரிடம் சொன்னார். எதிரில் இருந்தவர் வெள்ளரிப்பிஞ்சு விற்பவர். அவர் தலையாட்டிவிட்டு இரண்டு பிஞ்சு கொடுத்தார்.

பெண் கொடுத்த வீட்டுக்காரன் சம்பந்தியிடம் ஒரு சங்கடமான விஷயத்தை எந்த இடத்தில், எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பொன்னேரி வரைக்கும் தெரியவில்லை. தேர்வில் தோற்றதைச் சொல்வது எளிது. மூன்று வாரமாக அவர் ஊர்முழுக்கச் சொல்லிவந்த ஒன்று இல்லை என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு நான் பஸ் ஏறிப் போய்விடுவேன். பத்மா அந்த வீட்டில் இருப்பாள்.

வீட்டு நடையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். வெயிலில் கறுத்த தோள், தோய்த்த வெள்ளைச் சட்டை. பழவேற்காட்டு ஏழுமலை. ஆலையில் கழித்துப்போடும் கம்பியை ஏலத்தில் எடுக்க வருகிறவர், அப்படி மாமாவுக்குப் பழக்கம். கல்யாணத்துக்கும் வந்திருந்தார்.

“ஒங்களுக்கோசரம்தான் சார் காலையிலேர்ந்து குந்திக்கினு கீறேன்” என்று எழுந்தார். கையில் ஒரு வங்கிப் படிவம், பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக. “படகுக்கு எஞ்சின் மாட்டறதுக்கு லோனு. எல்லாம் எழுதியாச்சி. வருமானத்துக்கு ஆடிட்டர் கையெழுத்து வேணும்னு திருப்பிட்டாங்கோ. நம்ம ஐயரு சொன்னாரு, எங்க சம்பந்தி பையனே கீறாருன்னு.”

“தாராளமா. சாரதி, ஒரு கையெழுத்துதானே? போட்டுக் குடு” என்றார் மாமா. என் சட்டைப் பையிலிருந்த பேனாவை விட்டுவிட்டுத் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

மேனேஜர் சொன்னது அப்போது காதில் இருந்தது. நீ ஒண்ணும் கையெழுத்துப் போடவேணாம்.

“நான் ஆடிட்டர் இல்லை” என்றேன்.

ஏழுமலை சிரித்தார். “இன்னா சார். பத்திரிகையில போட்டுக்கீதே. எம் பொண்ணு படிச்சிச் சொல்லிச்சி.”

“அது தவறு. நான் முதல் தேர்விலேயே பாதிதான் தேறியிருக்கிறேன். இதில் கையெழுத்துப் போட எனக்கு உரிமை இல்லை.”

“பாதின்னா பாதிக் கையெழுத்து போடுங்க சார். பேங்க்ல ஒண்ணும் கண்டுக்க மாட்டாங்கோ.”

“இப்போது கண்டுகொள்ள மாட்டார்கள். எஞ்சின் மாட்டிய பிறகு எவனாவது கண்டுபிடித்தால் கையெழுத்துச் செல்லாது என்று எஞ்சினை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.”

அவர் யோசித்தார். படிவத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் திரும்பப் போட்டார். “அப்ப வேணாம் சார். நடுத்தண்ணியில எஞ்சினைப் புடுங்கிக்கினா நீஞ்சிக்கினா வர்றது?” கொஞ்சம் பொறுத்து, “இன்னாத்துக்கு சார் அப்டி அச்சடிச்சீங்கோ? ஒரு நாள் தொயிலு பூச்சே” என்றார்.

நான் பயிற்சி பெற்ற ஆடிட்டரின் விலாசத்தை ஒரு தாளில் எழுதி, அவருக்கு இரண்டு வரிக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அதையும் அவர் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போனார்.

எனக்குத்தான் தெரியாதா

மாமா பேனாவை இன்னும் நீட்டியபடி நின்றார். பிறகு மூடியைத் திருகிப் பையில் குத்திக்கொண்டார்.

“நிஜமாவா?” என்றார்.

“ஆமாம் மாமா. விண்ணப்பத்தில் சரியாகத்தான் எழுதியிருந்தேன். மேனேஜருக்கும் சொல்லிவிட்டேன்.”

“மேனேஜருக்கும் சொல்லிட்டியா.” அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். “பத்மா,” என்று கூப்பிட்டார். அவள் சமையலறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். “உன் அண்ணா சொல்றதைக் கேட்டியோ?”

“கேட்டேன். அது எனக்குத் தெரிஞ்சதுதானே மாமா” என்றாள். “நாலு தடவை ரிசல்ட் வந்தப்ப நான்தான் நம்பர் பார்த்துச் சொன்னேன்.”

“தெரிஞ்சும் என்கிட்ட சொல்லலையா?”

“மாமிகிட்ட சொன்னேன். இந்தாத்துக்கு வந்த மூணாம் நாளே.”

உள்ளிருந்து மாமியின் குரல் வந்தது. மாமி அதிகம் பேசுகிறவர் அல்ல. “சொன்னா. நான்தான் உங்க காதுல போட வேண்டாம்னேன். உங்ககிட்ட சொன்னா அதையும் ஆபீஸ்ல போய்ச் சொல்லுவேள்.”

“அப்ப எனக்குத்தான் தெரியாதா?”

அடுப்பில் ரசம் பொங்கும் வாசனை வந்தது, உள்ளே மாமி பாத்திரத்தை இறக்கும் சத்தம் கேட்டது.

மாமா எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். முகம் மெல்ல மாறியது. “சாரதி, மேனேஜர் பத்திரிகையை முழுக்கப் படிச்சாரா?”

“இரண்டு தடவை படித்தார்.”

“மேல் வரியெல்லாமா?”

அப்போதுதான் எனக்கு அந்த விரல் ஞாபகம் வந்தது. மணமகனின் தந்தை: வரதாச்சாரி, ஸ்டோர்ஸ் ஆபீசர். அவரே எழுதி அனுப்பியது. ஆலையில் ஸ்டோர்ஸ் ஆபீசர் என்று ஒரு பதவி கிடையாது. அவர் ஸ்டோர் கீப்பர். அதைக் கொண்டுபோய் அவரே தன் மேனேஜரின் மேஜைமேல் குத்தி வைத்திருக்கிறார்.

“ஏதாவது சொன்னாரா?” என்று மாமா கேட்டார்.

“அதை விடு என்றார்.”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அவர் தோள் குலுங்கியது. முதலில் அழுகிறாரோ என்று நினைத்தேன். சிரிப்பு. “நாளைக்கு ஸ்டோருக்கு வந்து ஆபீசர் சார்னு கூப்பிடப்போறான் அந்த மனுஷன்” என்றார். பத்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும் சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

சாப்பிடும்போது மேனேஜர் சொன்ன வழியைச் சொன்னேன். மாமா சிரிப்பை விட்டுவிட்டுக் கவனமாகக் கேட்டார்.

“வாங்கிக்கோயேன்” என்றார் முடிவில். “அவரே சொல்றார். யாருக்கு நஷ்டம்? எனக்காகப் பார்க்காதே. என் மானம் போனது போயிடுத்து. உங்கப்பாவைப் பாரு.”

பத்மா மோர் ஊற்றினாள். “அண்ணா, அந்தப் படகுக்காரர் காலம்பற எட்டு மணிலேர்ந்து உட்கார்ந்திருந்தார்” என்று மட்டும் சொன்னாள். “நாளைக்கு ஆறாம் நம்பர் ஆத்துக்காரர் வரேன்னிருக்கார். ஏதோ கம்பெனிக் கணக்காம், ஆடிட்டர்கிட்ட காட்டணுமாம்.”

திருவள்ளூர், மாலை

6.45க்கு வீடு வந்தேன். அப்பா கோயிலிலிருந்து வந்து கால் அலம்பிக்கொண்டிருந்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். சம்பளத்தையும் சொன்னேன். அதை மறைப்பது சரியல்ல.

“நான்தானே எடுக்கச் சொன்னேன்” என்றார். “மேனேஜர்கிட்ட என் பேரைச் சொல்லியிருக்கலாமே. வயசானவன், தெரியாம பண்ணிட்டான்னு.”

“புரூஃப் நான்தான் பார்த்தேன் அப்பா.”

“அடுப்புப் பக்கம் இன்னும் பத்து வருஷம் நிப்பேண்டா நான்” என்றார் அவர். அப்படி நிற்க முடியுமா என்று யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை. துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

நோட்டுப் புத்தகத்தில் முப்பத்து நான்காவது வரிசையின் கடைசிக் கட்டம் இரண்டு மாதத்துக்கு மேல் காலியாக இருந்தது. பிறகு அதில் நான் எழுதியிருப்பது: “பழைய பதவி ரத்து. கணக்கு உதவியாளர். பாதிச் சம்பளம். சேர்ந்தேன்.” அந்த ஆலையின் வாசலில் எட்டு வருடம் நுழைந்தேன். அதில் பாதி வருடங்களுக்கு அப்பா மடப்பள்ளிக்குப் போனார். பழவேற்காட்டு ஏழுமலை அடுத்த ஏலத்துக்கு வந்தபோது எஞ்சின் மாட்டிவிட்டதாகச் சொன்னார். என்னைப் பார்த்தால், “இன்னா சார், மீதிப் பாதி ஆச்சா?” என்று கேட்பார். கேலி என்று தெரியும். ஆவலோடும் கேட்டார் என்று நினைக்கிறேன்.

ஜூன் 20, செவ்வாய்க்கிழமை

4.40க்கு எழுந்தேன். பல்பொடி டப்பா ஜன்னலில் இருந்தது. அதை எடுக்கவில்லை.

அலமாரியின் கீழ்த்தட்டில் மீந்த பத்திரிகைகளை நூல் கட்டி வைத்திருந்தோம். ஒன்றை உருவினேன். கூடத்து விளக்கின் கீழ், தரையில் உட்கார்ந்து, பலகைமேல் வைத்தேன். என் பெயருக்குப் பின்னால் இருந்த ‘சி.ஏ.’யின் மேல் அடியில் இருப்பது தெரியும்படி ஒரே கோடு. மேலே, சிறிய எழுத்தில், ‘சி.ஏ. இண்டர், முதல் குரூப் மட்டும்.’ ஓரத்தில் சுருக்கொப்பம். அதன் கீழே தேதி.

நான்கு வரி மேலே ‘ஸ்டோர்ஸ் ஆபீசர்’ என்று இருந்தது. அதைத் தொடவில்லை.

மை காய்ந்ததும் உறையில் போட்டு மேனேஜரின் பெயரை எழுதினேன். டைரியில் அன்றைய முதல் வரி: “பத்திரிகை திருத்தினேன். ஒன்று.” பல் தேய்த்தது இரண்டாவது வரியில் இருக்கிறது.